ராகிக் குழிக்குள் சூரியனை இறக்கிய லால் பாஷா

ஓசூர்ச் சந்தைக்குப் போகிற தெருவில், ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கும் இன்னொரு மாட்டுத் தீவனக் கடைக்கும் நடுவே லால் பாஷாவின் தகரக் கடை இருந்தது. அந்தத் தெருவில் மாடுகளுக்குச் சற்றும் பயன்படாத பொருளை விற்றவர் அவர் ஒருவர்தான். காலியான மண்ணெண்ணெய் டின்களை வாங்குவார். வெட்டுவார், மடக்குவார், ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பார். போன ஜன்மத்தில் டின்னாக இருந்தது இந்த ஜன்மத்தில் சிம்னி விளக்காகவோ புனலாகவோ தகர முறமாகவோ எழுந்து சந்தைக்குப் போகும்.

இத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. நிம்மதியாக வாழ்ந்திருப்பார். ஆனால் எந்தப் பொருளையும் அது இருக்கிறபடி இருக்கவிடாத ஒரு குணம் அவருக்கு வாய்த்திருந்தது. கிணற்றில் சேந்தும்போது பாதி வழியில் கவிழாத வாளி ஒன்று செய்தார். அது கவிழவில்லை, மேலேயும் வரவில்லை. தானாகவே கோழிக்குத் தீனி போடும் டப்பா ஒன்று செய்தார். அந்தத் தெருவின் சிட்டுக்குருவிகள் எல்லாம் அந்த வருஷம் பறக்க முடியாமல் நடந்து திரிந்தன. கோழி மட்டும் இளைத்தது.

இவையெல்லாம் சில்லறைத் தோல்விகள். அவருடைய மாபெரும் தோல்வியைச் சொல்லவேண்டுமானால், முதலில் ராகிக் குழியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஓசூரைச் சுற்றிய ஊர்களில் ராகியை மூட்டை கட்டி மூலையில் அடுக்குகிறவனை யாரும் பெரிய குடும்பஸ்தன் என்று ஒப்புக்கொள்வதில்லை. பெரிய குடும்பம் என்றால் வீட்டுக்குள்ளேயே தரையில் குழி இருக்கவேண்டும். வாய் ஓர் ஆள் நுழையும் அளவு. உள்ளே போகப் போகப் பானை மாதிரி அகன்றிருக்கும். அறுப்பு முடிந்ததும் ராகியைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி, செம்மண்ணும் சாணமும் பூசிவிட்டால், பஞ்சமோ கல்யாணமோ வரும்வரை அது பூமிக்கடியில் தூங்கும். இரண்டுக்கும் ஒரே அளவு ராகி பிடிக்கும் என்பது அனுபவம்.

குழியைத் திறக்கிற நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் இறங்குவதற்கு முன் எரிகிற விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அது அணைந்துபோனால், புங்கங்கிளையைக் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பார்கள். நனைத்த கம்பளியால் விசிறுவார்கள். மறுபடி விளக்கு. இப்போது அணையாமல் நின்றால் ஆள் இறங்குவான். ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். குழியம்மாவுக்கு முதலில் விளக்குக் காட்டவேண்டும் என்பார் ஒருவர். இருட்டில் பேய்க்காற்று குடியிருக்கிறது, வெளிச்சம் கண்டால் ஓடும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் நேர்மையாளர்: “எங்கப்பன் செஞ்சாரு, நான் செய்யறேன். உனக்கென்ன?” என்பார்.

இந்த விளக்குகளில் முக்கால்வாசி லால் பாஷாவின் கடைச் சரக்கு. குழி திறக்கும் மாசங்களில் ஆட்கள் விளக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார்கள்.

“பாய், உங்க விளக்கு குழிக்குள்ள போனா அணையுது.”

“காத்து அடிச்சிருக்கும்.”

“குழிக்குள்ள ஏது பாய் காத்து? உங்க பத்தவைப்புதான் சரியில்லை.”

லால் பாஷாவை நீங்கள் என்னவேண்டுமானாலும் சொல்லலாம், பொறுத்துக்கொள்வார். அவர் பற்றவைப்பைச் சொன்னால் அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. திரியைத் தடிமனாக்கினார். காற்றுத் துளைகளைக் கூட்டினார், பிறகு குறைத்தார், பிறகு இடம் மாற்றினார். கடைசியில் வெற்றி கண்டுவிட்டதாக நம்பி, கடை வாசலில் ‘அணையா விளக்கு இங்கே கிடைக்கும்’ என்று தகரப் பலகை மாட்டினார். அந்த அணையா விளக்கு இறங்கிய முதல் குழியிலேயே அணைந்தது. அடுத்த குழியிலும் அணைந்தது. அதற்கடுத்ததில் மட்டும் அணையவில்லை. ஏனென்றால் அங்கே கயிறு அறுந்து, விளக்கு தேடியும் கிடைக்கவில்லை.

அதுமுதல் ஊரில் அவருக்கு ‘அணையா விளக்கு பாய்’ என்று பெயர். பலகையை இறக்கிவிடச் சொல்லி அவர் மனைவி அஸ்மத் பலமுறை சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்தவுடன் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொள்வது அவளுக்குத்தானே தெரியும்?

அஸ்மத்துக்குப் பெங்களூரில் ஒரு தம்பி இருந்தான். குலாம் முகம்மது. பெரிய மெஷின் பாக்டரி ஒன்றில் வேலை. விசில் அடித்தால் உள்ளே போவான், விசில் அடித்தால் வெளியே வருவான், நடுவில் சொன்னதைச் செய்வான். பக்ரீதுக்கு வந்தவன் பிரியாணி சாப்பிட்ட கையோடு பேச்சை எடுத்தான்.

“மச்சான், எங்க செக்‌ஷன்ல பத்தவைக்கிற ஆள் வேணும்னு கேக்கறாங்க. நான் சொன்னா எடுத்துக்குவாங்க. ஆனா ஒரே ஒரு கண்டிஷன்.”

“என்ன?”

“அங்க வந்து புதுசா எதையும் கண்டுபிடிக்கக் கூடாது.”

லால் பாஷா கையில் வைத்திருந்த எலும்பைத் தட்டில் வைத்துவிட்டார். தூக்குத் தண்டனையைக்கூட இவ்வளவு தெளிவாக யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

அஸ்மத் தீர்ப்பைச் சற்று இளக்கினாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாருங்க. இந்த ஊர்ல ஒரே ஒரு மனுஷன் அதைப் பார்த்து, நல்லா இருக்குன்னு சொல்லணும். சிரிக்காம சொல்லணும். இல்லேன்னா பெங்களூர் பஸ்தான்.” சொன்னதோடு நில்லாமல், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோஜாப்பூ வரைந்த தகரப் பெட்டியை எடுத்து, துணிமணிகளை மடித்துவைத்துப் பூட்டி, கதவோரம் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு லால் பாஷா வாசலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் இடித்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட காலத்தில்தான் கெம்பனப்பள்ளி எல்லப்பன் கடைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த டின்மேல் உட்கார்ந்தார். நிலபுலம் உள்ளவர், இரண்டு பெண்களின் தகப்பனார், முகத்தில் எப்போதும் ஒரு கல்யாணக் கவலை.

“பாய், என் மானம் உங்க கையில இருக்குது.”

“விளக்கு வேணுமாண்ணே?”

“விளக்கால கெட்ட மானம்தான் அது” என்றார் எல்லப்பன்.

விஷயம் இதுதான். மூத்த பெண்ணை எல்லைக்கு அந்தப்பக்கம், ஆனேக்கல்லில் வெங்கடப்பன் வீட்டில் கொடுத்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்குக் குழியைத் திறந்தபோது, சிம்னியின் புகை வெளிச்சத்தில் இறங்கியவர்களுக்கு நல்ல ராகியும், சுவரோரம் பூஞ்சைபிடித்துக் கறுத்த ராகியும் ஒன்றாகவே தெரிந்தன. எல்லாவற்றையும் அள்ளி, அரைத்து, களி கிண்டிப் பந்தியில் வைத்துவிட்டார்கள். வெங்கடப்பன் முதல் உருண்டையை வாயில் போட்டார், விழுங்கினார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாததை அதற்குப் பிறகு இந்த நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மழையில் நனைந்த போர்வையை மோந்து பார்த்து, “ஆஹா, எல்லப்பன் வீட்டுக் களி!” என்பார்.

“இப்ப ரெண்டாவது பொண்ணையும் அதே வீட்டுல அவரு சின்னப் பையனுக்குக் கேட்டிருக்காங்க. குழி தெறக்கற அன்னிக்கு நானே வந்து நிக்கறேன்னு சொல்லிட்டாரு. ஒரு பூஞ்சை கூட மேல வரக்கூடாது பாய். குழிக்குள்ள பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் வேணும்.”

“பெட்ரோமாக்ஸ் விட்டுப் பாருங்களேன்?”

“விட்டேன். அதுவும் பொக்குன்னு போயிடுச்சு. கரன்ட்டு வரும்னு பார்த்தா, கம்பம் நட்டவங்க கம்பி கட்ட வரவே இல்ல. இப்ப கம்பத்துல எருமையைக் கட்டறோம்.”

லால் பாஷா கடைக்குள் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயிலில் கிடந்த புதுத் தகரத்தின் பளபளப்பு, கடையின் பின்கோடியில், வருஷக்கணக்காக அவரே பார்த்திராத மூலையில், ஒரு வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. அங்கே ஒரு சுத்தியல் கிடந்தது. தொலைந்துபோனதாக நினைத்துப் பக்கத்துத் தீவனக் கடைக்காரரோடு அவர் சண்டை போட்டிருந்த சுத்தியல்.

“அண்ணே,” என்றார் மெதுவாக, “சூரியனையே உள்ள எறக்கிட்டா?”

எல்லப்பன் எழுந்துவிட்டார். பைத்தியம் பிடித்தவர் முன் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வேறு வழியில்லாததால் மறுபடி உட்கார்ந்தார்.

திட்டம் எளிமையானது, லால் பாஷாவின் எல்லாத் திட்டங்களும் அப்படித்தான் ஆரம்பிக்கும். எல்லப்பன் வீட்டின் முன்பாதி ஓடு வேய்ந்தது. பின்பாதி மண் மெத்தை, ஓடில்லாத தட்டைக் கூரை. குழி இருப்பது பின்பாதியில், சூரியன் இதுவரை எட்டிப் பார்க்காத அறையில். முன்பாதியில் நாலு ஓடுகளைக் கழற்றி, அந்த இடத்தில் கூரைமேல் ஒரு பெரிய கண்ணாடி. அது வெயிலைப் பிடித்து ஒரு தகரக் குழாய்க்குள் தள்ளும். குழாய் நேரே கீழிறங்கி, முழங்கை மாதிரி மடங்கி, அறையைக் கடந்து, குழிக்கு மேலே போய் மறுபடி கீழ்நோக்கி மடங்கும். மடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னக் கண்ணாடி. “தண்ணி வாய்க்கால்ல போற மாதிரிதான்” என்றார் லால் பாஷா. “வெளிச்சத்துக்கு வாய்க்கால் வெட்டறோம். எண்ணெய் கெடையாது, திரி கெடையாது, செலவு கெடையாது.”

வேலை தொடங்கியது. குழாயின் உட்புறத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார், தேய்த்தார், எட்டிப் பார்த்தால் தன் மூக்கே பூசணிக்காய் அளவு தெரியும்வரை தேய்த்தார். அஸ்மத்தின் சமையலில் புளி காணாமல் போனது. பெரிய கண்ணாடியைச் சலூன்காரர் மனமுவந்து இரவல் கொடுத்தார் என்று சொல்லமுடியாது. லால் பாஷா கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சவரத்துக்கு வந்தவர்கள் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு முகத்தைக் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து அளந்து பார்த்தால் குழாய் ஒரு முழத்துக்கும் மேலே குறைந்தது. ஓசூரில் இருந்த காலி டின் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. விடிந்தால் குழி திறக்கும் நாள். லால் பாஷா கதவோரம் இருந்த ரோஜாப்பூப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியும் அவரைப் பார்த்தது. நல்ல கெட்டித் தகரம். அஸ்மத் அடுப்படியில் இருந்தாள்.

பெரிய காரியங்கள் நடக்கும்போது வரலாறு சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நாமும் திருப்பிக்கொள்வோம்.

கெம்பனப்பள்ளிக்கு மாட்டுவண்டியில் குழாய் போய்ச் சேர்ந்தபோது, பாதி ஊர் அதைப் புதுக் கோயில் கொம்பு வாத்தியம் என்று நினைத்துக் கும்பிட்டது. அஸ்மத்தும் கூடவே வந்தாள். கூரைமேல் கண்ணாடியைச் சூரியனோடு சேர்ந்து மெல்ல மெல்லத் திருப்ப ஒரு பொறுமைசாலி வேண்டும். லால் பாஷாவோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவளைவிடப் பொறுமைசாலி அந்தத் தாலுகாவில் இல்லை.

“உங்க கடைசித் தமாஷை நானே கூட இருந்து முடிச்சு வெக்கறேன்” என்று சொல்லிவிட்டு, துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

கீழே அறையில் கூட்டம். சம்பந்தி வெங்கடப்பன் கைத்தடியோடு சுவரோரம் நின்றார். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிற பேச்சு அவருக்கு. குழியில் இறங்கிப் பழகிய கரியப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். மூடுகல்லை நகர்த்தினார்கள். கறுப்பு வட்டமாகக் குழி வாயைத் திறந்தது.

“அஸ்மத், திருப்பு!” என்றார் லால் பாஷா.

கூரையில் ஏதோ கிறீச்சிட்டது. குழாய்க்குள் ஒரு வெள்ளைப் பூனை ஓடிவருவதுபோல வெளிச்சம் வந்தது, முழங்கையில் திரும்பியது, அறையைக் கடந்தது, மறுபடி திரும்பிக் குழிக்குள் குதித்தது. அவ்வளவுதான். பூமிக்கடியில் பகல் ஆகிவிட்டது. ராகி செம்பழுப்பாக மின்னியது. சுவரில் எல்லப்பனின் தகப்பனார் காலத்தில் தோண்டியபோது விழுந்த கடப்பாரைத் தடம்கூடத் தெரிந்தது.

“அய்யோ சாமி” என்றார் எல்லப்பன். வெங்கடப்பன் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். லால் பாஷா மார்பை நிமிர்த்தி, யாராவது சிரிக்காமல் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அந்த நேரத்தில் எல்லப்பன் மனைவி நாகம்மா வழக்கப்படி எரிகிற சிம்னியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்.

லால் பாஷாவுக்குச் சுருக்கென்றது. தன் தோல்வியெல்லாம் திரண்டு உருவெடுத்து, தன் வெற்றி விழாவுக்கு வந்து நிற்பதுபோல இருந்தது. “என்னம்மா இது? சூரியனே வந்து நிக்கிறான். அவனுக்கு முன்னால சிம்னியா? எடுத்துட்டுப் போங்க.”

“மொதல்ல வெளக்குதானே பாய் எறக்குவாங்க?”

“அது இருட்டுக்கும்மா. இருட்டு எங்கே இருக்குது, காட்டுங்க!”

கரியப்பனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “பேய்க்காத்து இருட்டுலதான் நிக்கும். இந்த வெளிச்சத்துல அது ஆனேக்கல் தாண்டிப் போயிருக்கும் அக்கா.” அவன் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சூரியன் நுழைந்த இடத்தில் பேய் நிற்குமா? பரம்பரை பரம்பரையாகக் கடைப்பிடித்த வழக்கத்தைக் கரியப்பன் ஒரு சிரிப்பில் தாண்டி, கயிற்றைப் பிடித்து இறங்கினான்.

“பளபளன்னு இருக்குது!” என்று குரல் வந்தது. “எறும்பு போறது கூடத் தெரியுது!” பிறகு, “ஜில்லுனு…” என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பளபள வெளிச்சத்தில் எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்படி கரியப்பன் தலை தொங்கியது.

“இழுங்கடா!”

இழுத்தார்கள். வெளியே போட்டுத் தண்ணீர் அடித்தார்கள். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை, கரியப்பன் உட்பட. அப்புறம் அவன் இருமினான். கண் திறந்தான். “எனக்கு இன்னிக்குக் கூலி உண்டுதானே?” என்றான். உயிர் முழுசாகத் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

வெங்கடப்பன் கைத்தடியை எடுத்துக்கொண்டார். “பாய், உங்க சூரியன் ஆளை முழுங்கறான். வேண்டாம் கடவுளே, தேவரே! எனக்குப் பூஞ்சைக் களியே போதும்.” எல்லப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பேச்சும் அவரோடு உட்கார்ந்துவிட்டதாகத் தோன்றியது.

லால் பாஷா சுவரில் சாய்ந்தார். அவருக்குக் கரியப்பனைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பெங்களூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. விசில் கேட்டது. ‘புதுசா எதையும் கண்டுபிடிக்கக் கூடாது’ என்று மச்சினன் குரல் கேட்டது.

கூரையிலிருந்து அஸ்மத்தின் குரலும் கேட்டது. “என்னங்க! கீழே என்ன சத்தம்? வெளிச்சம் நகர்ந்து போவுது. திருப்பறதா, விட்டுடறதா?”

லால் பாஷா நிமிர்ந்தார். கண் எதிரே நாகம்மா கையில் அந்தச் சிம்னி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவரே பற்றவைத்த சிம்னி. வெளியே எத்தனை ஒழுங்காக எரிகிறது! குழிக்குள் போனால்தான் இதற்கு என்ன வந்துவிடுகிறது என்று பழைய எரிச்சலோடு நினைத்தார். நினைத்தவர் அப்படியே கரியப்பனைப் பார்த்தார். வெளியே எத்தனை ஒழுங்காக மூச்சுவிடுகிறான்!

“திருப்பு!” என்று கத்தினார். “இப்படிக் கொடுங்கம்மா அதை.”

விளக்கைப் பிடுங்கி, கயிற்றை நழுவவிட்டு, தன் சூரியனின் நடுவிலேயே அதை இறக்கினார். இத்தனை காலமாக அந்த ஊர் இருட்டில் விளக்கை விட்டு, இருட்டில் அது அணைந்ததை மட்டுமே அறிந்திருந்தது. எப்படி அணைகிறது என்று இன்றுதான் பார்க்கிறது. சுடர் நிமிர்ந்தே இறங்கியது. கரியப்பன் தலை தொங்கிய இடம் வந்ததும் சிறுத்தது. மஞ்சள் நீலமாயிற்று. காற்றே அசையாத இடத்தில், யாரோ விரலால் கிள்ளினாற்போல அணைந்தது. மேலே இழுத்து, ஏற்றி, மறுபடி விட்டார். அதே இடத்தில் அணைந்தது.

“பார்த்தீங்களா?” என்றார் லால் பாஷா. “விளக்குக்கு மூச்சு முட்டற எடத்துல ஆளுக்கும் முட்டுது. அது அடியில தேங்கிக் கிடக்குது, கண்ணுக்குத் தெரியல. வெளிச்சம் அதை ஒண்ணும் பண்ணாது.” பிறகுதான் முக்கியமான செய்தி அவருக்கு உறைத்தது. முகம் மலர்ந்து, கூரை அதிரக் கூவினார்: “என் பத்தவைப்புல குத்தமே இல்ல! ஆண்டவனே, ஒரு விளக்குலயும் குத்தமில்ல!”

ஒரு மனிதன் செத்துப் பிழைத்த அறையில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் கரியப்பனே ஒன்றும் சொல்லவில்லை. “அப்ப வெசிறுங்க” என்று மட்டும் சொன்னான்.

விசிறினார்கள். புங்கங்கிளையைப் போட்டு இழுத்தார்கள். நனைந்த கம்பளியை எல்லப்பனும், தன் மரியாதையை மறந்து வெங்கடப்பனும், ஆளுக்கொரு முனை பிடித்து அடித்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே காரியத்தில் ஒன்றுபட்டது அந்தக் குடும்ப வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. சிம்னி மறுபடி இறங்கியது. சிறுத்த இடத்தைத் தாண்டியது. ராகியின்மேல் உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் இருப்பதே தெரியாமல், அமைதியாக எரிந்தது.

“யார் எறங்கறது?” என்று கேட்டார் எல்லப்பன்.

கரியப்பன் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, மரியாதையாக இரண்டு கையாலும் லால் பாஷாவிடம் நீட்டினான். “பெரியவங்க இருக்கறப்ப நான் எதுக்கு?”

லால் பாஷா அதுவரை உயரமான இடம் என்று எதிலும் ஏறியதில்லை. ஆழமான இடம் என்று எதிலும் இறங்கியதில்லை. ஆனால் இப்போது பின்வாங்கினால் பஸ்தான். கயிற்றைக் கட்டிக்கொண்டார். “அஸ்மத்துக்குச் சொல்லாதீங்க” என்றார். அதற்குள் நாகம்மா முற்றத்துக்கு ஓடி, கூரையைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரரு குழியில எறங்கறாரும்மா!” என்று சொல்லிவிட்டார்.

குழிக்குள் வெளிச்ச வட்டம் ஒருமுறை ஆடியது. பிறகு சுவரில் ஆணி அடித்தாற்போல நின்றது. லால் பாஷா அந்த வட்டத்துக்குள் கால்வைத்தார்.

மூச்சு வந்தது. பக்கத்தில் சிம்னி எரிந்தது. தலைக்குமேல் தகரக் குழாயின் வாய் ஒரு சின்னச் சூரியனாக நின்றது. சுவரோரம் கறுத்த ராகி, வெள்ளி அரைஞாண் மாதிரி இல்லை, அழுக்கு அரைஞாண் மாதிரி வட்டமாகத் தெரிந்தது. நடுவில் நல்ல ராகி. பிரிப்பதற்கு இனி கண் இருந்தால் போதும். கூடை இறங்கியது. அள்ள ஆரம்பித்தார். வட்டம் நகரும்போதெல்லாம் மேலே இருந்து ஒரு கை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர்மேல் வைத்தது.

அப்போது குழாய் இன்னொரு வேலையும் செய்யத் தொடங்கியது. வெளிச்சம் போகிற வழியில் குரலும் போகும் என்பதை அதைக் கண்டுபிடித்தவர் கண்டுபிடித்திருக்கவில்லை.

“என்னங்க” என்றது குழாய், அஸ்மத்தின் குரலில். அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். “இந்தக் குழாய் முனையில ரோஜாப்பூ வரைஞ்சிருக்குதே?”

குழிக்குள் அள்ளும் சத்தம் நின்றது.

“அது என் பொட்டிதானே?”

“அஸ்மத், வேலை நடக்குது…”

வெளிச்சம் போய்விட்டது. சூரியன் வானத்தில்தான் இருந்தான். கண்ணாடி வேறு பக்கம் திரும்பியிருந்தது. ராகியும் இல்லை, சுவரும் இல்லை. சிம்னியின் சின்ன மஞ்சளில் லால் பாஷாவின் தாடி மட்டும் தெரிந்தது.

“பொட்டியா, இல்லையா?”

“பொட்டிதான்!”

“துணியெல்லாம்?”

“ராகி மூட்டையில கட்டி வெச்சிருக்கேன்!”

வெங்கடப்பன் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். இந்த மனுஷரை மன்னிக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்கவேண்டும். குழாயருகே குனிந்து, “தங்கச்சி!” என்றார். “நான் எல்லப்பனுக்குச் சம்பந்தி. உன் வீட்டுக்காரரு வெளிச்சம் சென்னாகிதெ. ரொம்ப நல்லா இருக்குதும்மா. சிரிச்சுட்டே சொல்றேன்னு நெனைக்காதே. அந்தச் சிரிப்பு உன் பொட்டிக்கு.”

குழாய்க்குள் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, “பொட்டி இல்லாம பெங்களூருக்கு எதுல எடுத்துட்டுப் போறது?” என்றது. கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் கேட்டு முடிக்குமுன் வெளிச்சம் திரும்பி வந்து, தாடியில் ராகி ஒட்டிய லால் பாஷாவை முழுசாகக் காட்டியது.

அந்தக் கல்யாணத்தில் வெங்கடப்பன் முதல் உருண்டையை வாயில் போட்டார், விழுங்கினார், ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை வாங்கினார். எல்லப்பன் பந்திக்கு நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு அடுப்புப் புகை என்றார்.

கடைப் பலகையை லால் பாஷா இறக்கினார். அழித்து எழுதி மறுபடி மாட்டினார்: ‘அணையவேண்டிய இடத்தில் அணையும் விளக்கு இங்கே கிடைக்கும்.’ அணைகிற விளக்கைக் காசு கொடுத்து வாங்க, தளி, அஞ்செட்டிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கூடவே வெளிச்சக் குழாய்க்கும் முன்பணம் தந்தார்கள். குலாம் முகம்மது அடுத்த பண்டிகைக்கு வந்தபோது கடையில் உட்கார இடமில்லை. குழாய்களுக்கு நடுவே நின்றுகொண்டே டீ குடித்தான். தங்கள் பாக்டரியின் பின்பக்க ஸ்டோர் ரூம் கொஞ்சம் இருட்டு என்று, யாருக்கும் கேட்காத குரலில் மச்சானிடம் சொன்னான்.

“கண்டிஷன் ஏதாவது உண்டா?” என்று கேட்டார் லால் பாஷா.

அஸ்மத்துக்குப் புதுப் பெட்டி செய்து தருவதாக அவர் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். ரோஜாப்பூ கேட்டாள், ரோஜாப்பூவே வரைந்தார். ஆனால் வெறும் பெட்டியாகச் செய்ய மனம் வரவில்லை. திருடனுக்கு எந்த வகையிலும் திறக்காத ஒரு மூடியைத் தன் சொந்த யோசனையில் அதற்கு வைத்தார். மூடி மிக நன்றாக வேலை செய்தது. அஸ்மத்தின் துணிகள் இன்னும் ராகி மூட்டையில்தான் இருக்கின்றன.